நடுப்பெட்டி

இரண்டு கார்க் கம்பெனிகளும் சமாதானமாகிவிட்ட செய்தி வந்தபோது கீழ்வீட்டில் மத்தியானச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. நானும் இருந்தேன். மாடியில் ஒற்றை அறையில் குடியிருக்கிறேன். தெருமுனைப் பார்சல் ஆபீஸில் கவுண்டர் வேலை. குடிவந்த புதிதில் ஒருமுறை காய்ச்சலில் படுத்துவிட்டேன். கீழ்வீட்டு அண்ணி கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார். காய்ச்சல் போய்விட்டது, மத்தியானச் சாப்பாடு மட்டும் நிற்கவில்லை. வேண்டாமென்றால், "மூணு பேருக்கு வடிக்கிற சோத்துல நாலாவது ஆளு தெரியவா போறான், உக்காரு" என்பார்.

மூன்று பேர் என்றால் அண்ணன், அண்ணி, அண்ணனுடைய தங்கை. தங்கை கல்யாணமாகி, ஒத்துவராமல், பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். மின்னணுப் படிப்பு படித்தவள். வீட்டில் அவளைச் சின்னு என்றுதான் கூப்பிடுவார்கள்; முன்நெற்றியில் நரை எட்டிப் பார்த்த பிறகும் சின்னுதான். இடது கையில் போனை வைத்துப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவது அவள் பழக்கம். அன்றைக்கு வாய்க்குப் போன கவளம் பாதி வழியில் நின்றது.

"முடிஞ்சுதுண்ணா."

"என்ன முடிஞ்சுது?"

"ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுட்டாங்க. இனிமே வர்ற எல்லாக் காருக்கும் ஒரே வாய். சின்ன வாய். கம்பங்களையும் ஒவ்வொண்ணா மாத்திடுவாங்களாம்."

அண்ணன் கீரையைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்தது போதும் என்ற பிறகும் பிசைந்தார்.

"பழைய காரெல்லாம்?"

"அதுக்குக் கம்பெனியே பெட்டி தரும்னு போட்டிருக்கு. இலவசமா."

"ஜனங்களுக்கு நல்லதுதானே" என்று சொல்லிவிட்டு அண்ணன் தட்டை நகர்த்தினார்.

அண்ணிதான் யாரையும் பார்க்காமல் சொன்னார். "ஊர் ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்னு சொல்லி வச்சிருக்காங்க. ஊர் ஒண்ணாயிட்டா கூத்தாடி என்ன பண்ணுவான்னு ஒருத்தரும் சொல்லி வைக்கலையே."

சின்னு சிரித்துவிட்டாள். அண்ணனும் சிரித்தார். ஆனால் அன்றைக்கு யாரும் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ளவில்லை.

கார்களில் மின்சாரம் ஏற்றும் துளை அப்போது இரண்டு விதமாக இருந்தது. ஒரு பெரிய கம்பெனி அகலமாக, மேலும் கீழுமாக இரண்டு அடுக்கில் வைத்திருந்தது. அதோடு போட்டிக்கு வந்த இன்னொரு கம்பெனி, உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி சின்னதாக வைத்தது. இந்த வீட்டில் அவற்றுக்குப் பெரிய வாய், சின்ன வாய் என்று பெயர். சாலையோரத்துச் சார்ஜ் கம்பங்களும் அப்படியே இரண்டு கட்சி. பெரிய வாய்க் கார்க்காரன் சின்ன வாய்க் கம்பத்தின் முன்னால் போய் நின்றால், பந்திக்கு எதிரே வாய்ப்பூட்டு போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரிதான். இரண்டுக்கும் இடையில் மாட்டிக்கொள்ள ஒரு பெட்டி வேண்டும். கடைகளில் அடாப்டர் என்பார்கள். இவர்களுக்கு அது நடுப்பெட்டி.

வீட்டின் முன்கூடம்தான் பட்டறை. அண்ணன் அச்சு வெட்டுகிறவர். முன்பு ஒரு பொம்மைத் தொழிற்சாலையில் இருந்தார். பொம்மைக்கு மூக்கு, காது வெட்டிய கை. இரும்பில் அவர் வெட்டிய அச்சுக்குள் பிளாஸ்டிக் குழம்பை அழுத்தி, ஆறவிட்டுப் பிரித்தால், தேங்காய்ச் சில்லு மாதிரி பட்டென்று கழன்று வரும் மேல்கூடு. உள்ளே வைக்கிற மின்சுற்றுப் பலகை சின்னுவுடைய வேலை. நான் ஒருமுறை அதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"காரும் கம்பமும் முதல்ல பேசிக்கணும், தம்பி. நீ யாரு, எவ்வளவு வேணும், எப்ப நிறுத்தணும்னு. பேசி முடிச்சாத்தான் கம்பம் கரண்டை விடும். இது பேசறது அதுக்குப் புரியாது. நம்ம பெட்டி நடுவுல நின்னு எடுத்துச் சொல்லுது."

"எங்க அண்ணி மாதிரி" என்று ஈயம் உருக்கிக்கொண்டே சேர்த்துக்கொண்டாள். அண்ணனும் தங்கையும் முறைத்துக்கொண்டு பேசாமலிருக்கிற நாட்கள் அந்த வீட்டில் உண்டு. "உங்க வீட்டுக்காரரை அந்தத் திருப்புளியைத் தரச் சொல்லுங்க அண்ணி" என்று, பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் கேட்க அண்ணியைக் கூப்பிடுவாள். என் அண்ணன் என்பதுகூட அன்றைக்கு வாயில் வராது.

பலகையில் மிளகளவு கூட இல்லாத ஒரு சில்லு உண்டு. பெட்டி அளவுக்கு மீறிச் சூடானால் அது கரண்டை வெட்டிவிடும். இருப்பதிலேயே விலை கூடியது அதுதான். அண்ணியின் வேலை கடைசி வேலை. ஒவ்வொரு பெட்டியையும் சோதனை மேஜையில் மாட்டி, முழுக் கரண்டை விட்டு, சூடு ஏறுகிறதா, ஏறினால் வெட்டுகிறதா என்று பார்ப்பார். வாளித் தண்ணீரைத் தெளித்தும் ஒருமுறை பார்ப்பார். பிறகுதான் அட்டைப்பெட்டி.

இன்னொரு வேலையும் அண்ணியுடையது. பெட்டியின் அடிப்பக்கத்தில் ஒரு போன் நம்பர் இருக்கும். ஒட்டியது இல்லை, அச்சிலேயே வெட்டியது. தடவினால் விரலில் படும். அது அண்ணியின் நம்பர். எங்கேயாவது சாலையில் நிற்கிறவர்கள் கூப்பிடுவார்கள்.

"சொல்லுங்க. பச்சை விளக்கு எரியுதா? ஒண்ணும் அவசரமில்ல, கையைத் துடைச்சுக்குங்க. முதல்ல கம்பத்துப் பக்கம் மாட்டுங்க, அப்புறம் கார் பக்கம். ஆமா. டொக்குனு ஒரு சத்தம் கேக்கணும். கேட்டுதா? அவ்வளவுதான். பிள்ளைங்க அழுதாங்களே, எதாவது சாப்பிடக் குடுத்தீங்களா?"

நடுவே அடுப்பில் பாலும் பொங்காது. அப்படி ஒரு கை.

செய்தி வந்த மறுவாரமே மழை பிடித்துக்கொண்டது. தூறலும் இல்லை, கொட்டலும் இல்லை. விட்டுவிடுவேன் என்று ஆசைகாட்டிக்கொண்டே பெய்கிற மழை. அந்த மழையில் கடைகளுக்குப் போன பெட்டிகள் திரும்பி வரத் தொடங்கின. என் கவுண்டர் வழியாகத்தான் போனவை. என் கவுண்டருக்கே வந்தன. நானே தார்ப்பாயால் மூடித் தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பேன். முன்கூடத்தில் சுவரோரம் அடுக்கினார்கள். பிறகு ஜன்னல் வரைக்கும் வந்தது. பிறகு சின்னுவின் கட்டிலுக்கு அடியில். அச்சு அழுத்தும் சத்தம் நின்றுபோனதில், மாடியில் எனக்குத் தூக்கம் வரவில்லை. இரைச்சல் இருந்தபோது நன்றாகத் தூங்கினேன்.

அந்த நாட்களில் ஒரு பிற்பகல், மொத்தக்கடைக்காரர் வந்தார். இவர்களிடம் சரக்கு எடுத்து ஊர் ஊராக விற்றவர். எப்போது வந்தாலும் செருப்பை வெளியே விட்டு, கைக்குட்டையால் நாற்காலியைத் தட்டிவிட்டு உட்காருவார். அண்ணியும் சின்னுவும் அப்போது கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். அவர் போகும்போது ஆள் வைத்து எதையோ சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனதை நான் மாடியிலிருந்து பார்த்தேன். பழைய இரும்பு ஏதோ என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு சில நாள் கழித்துத்தான் சின்னுவின் வேலைப் பேச்சு வந்தது. அவள் ரொம்ப நாளாக மனதில் வைத்திருந்திருக்கிறாள். ரொட்டியும் முட்டையுமாக ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரமே முடித்துவிட்டு எல்லோரும் கூடத்தில் இருந்தோம்.

"அண்ணா, ஒரு வேலை வந்திருக்கு."

"எங்க?"

"ரெண்டு கம்பெனியும் சேர்ந்து ஒரு பரிசோதனைக் கூடம் வச்சிருக்காங்க. இனிமே பிளக்கோ பெட்டியோ எது விக்கணும்னாலும் அங்க பாஸாகணும். பாத்துச் சொல்ற ஆள் வேணுமாம்."

அண்ணன் அரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"நம்ம வயித்துல அடிச்சவன் வாசல்ல போய்ச் சம்பளத்துக்கு நிக்கப் போறே."

"அவங்க நம்மள அடிக்கலண்ணா. நாம ஒருத்தங்க இருக்கறதே அவங்களுக்குத் தெரியாது."

"அது இன்னும் மோசம்."

"மோசம்தான். அதுக்கு என்ன பண்றது? அவங்க ஒத்துப்போகாம இருந்த வரைக்கும் நாம சாப்பிட்டோம். இன்னும் பத்து வருஷம் சண்டை போடுங்கன்னு கேக்க முடியுமா? சாலையில நிக்கறவன் சாபம்தான் நமக்குச் சோறுன்னு நானே எத்தனை நாள் நினைச்சிருக்கேன்."

"அப்ப இத்தனை நாள் பாவம் பண்ணிக்கிட்டு இருந்தோம்ங்கறே."

"பாவம்னு சொல்லல. நிரந்தரம்னு நினைச்சுட்டோம்னு சொல்றேன்."

"உன் புருஷன் வீட்டுலேருந்து வந்தப்ப இந்தப் பட்டறைதான் உன்னைத் தாங்குச்சு" என்றார் அண்ணன். சொன்ன உடனே அவருக்கே அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் சொல்லியாகிவிட்டது.

சின்னு எழுந்து உள்ளே போனாள். அண்ணி, "நாக்குல ஒரு சில்லு வச்சுக்கங்க. சூடு ஏறினா வெட்டிவிடும்" என்றார். நான் மாடிப்படி ஏறிவிட்டேன்.

அதன் பிறகு பேச்சு நின்றது. திருப்புளி மறுபடி அண்ணி வழியாகக் கைமாறியது. மழையும் விட்டபாடில்லை.

போன்கள் அந்த வாரத்தில்தான் வரத் தொடங்கின. வழக்கமாகக் கூப்பிடுகிறவர்கள் "ஏறல" என்பார்கள். இவர்கள் "நாத்தம் வருது" என்றார்கள். தொட முடியவில்லை, கொதிக்கிறது, காரிலிருந்து பிடுங்க வரவில்லை, ஒட்டிக்கொண்டது. அண்ணி முதலில் ஒன்று இரண்டைச் சமாதானம் சொல்லிப் பார்த்தார். பிறகு குரல் மாறிவிட்டது.

"எந்தக் கடையில வாங்கினீங்க? எப்ப? இப்பத்தானா? பழையது இல்லையே? சரி, அதை இனிமே மாட்டாதீங்க. கையோட பார்சல்ல அனுப்புங்க. செலவு எங்களுது."

போனை வைத்துவிட்டு என்னிடம் கேட்டார். "தம்பி, நீ இந்த மாசம் எதாவது வெளியில அனுப்பினியா?"

"ஒண்ணுகூட இல்ல அண்ணி. வந்ததுதான்."

"போன மாசத்துக்கப்புறம் நான் எதையும் மேஜையில வைக்கல. அப்ப புதுசு எங்கேருந்து வரும்?"

வந்த பார்சலை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். காலை நேரம். மூவரும் இருந்தார்கள். அண்ணி அட்டையைப் பிரித்தார். அதே கூடு, அதே சாம்பல் நிறம், அடியில் அதே நம்பர். அண்ணன் அதைப் பார்த்த மாத்திரத்தில் அவர் முகத்தில் ஈயாடவில்லை. சின்னு வாங்கித் திருகிப் பிரித்தாள்.

"பலகை நம்மளுது மாதிரியே போட்டிருக்காங்க. பாத்து எழுதியிருக்காங்க" என்றாள். பிறகு, "சூட்டுச் சில்லு இல்ல. அந்த இடத்துல வெறும் கம்பியை வச்சுப் பத்தவச்சிருக்காங்க."

அண்ணி அதை மறுபடி மூடிச் சோதனை மேஜையில் மாட்டினார். முழுக் கரண்டை விட்டார். நாங்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பிளாஸ்டிக் பொசுங்குகிற வாடை. கூட்டின் ஓரம் பளபளவென்று வியர்த்த மாதிரி ஆனது. அண்ணன் சாணையில் வைத்து வைத்துத் தேய்த்து எடுத்த அந்த நேர்விளிம்பு மெல்ல வளைந்து, மெழுகாகத் தொங்கியது. அடியில் இருந்த எண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நெருப்பு பிடிக்கவில்லை. அண்ணி கரண்டை நிறுத்திவிட்டார்.

"நான்தான்" என்றார் அண்ணன்.

அண்ணி திரும்பிப் பார்த்தார்.

"மொத்தக்கடைக்காரனுக்கு அச்சை வாடகைக்குக் குடுத்தேன். கூடு மட்டும் ஊத்திக்கறேன், உள்ள வைக்கறதை நான் பாத்துக்கறேன்னான். கம்பெனிப் பெட்டி வந்து சேர நாளாகும், அதுவரைக்கும் ஜனங்க எதையாவது வாங்கத்தானே செய்வாங்கன்னான். அச்சைத் திருப்பித் தந்துட்டான், போன வாரமே. அதே மாதிரி இன்னொண்ணு வெட்டிக்கிட்டுத்தான் தந்திருப்பான் போல."

"உள்ள என்ன வைக்கப் போறேன்னு கேட்டீங்களா?"

"கேக்கல."

"ஏன்?"

அண்ணன் உருகிய கூட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கேட்டா பதில் சொல்லிடுவான்னுதான்."

 சின்னுதான் முதலில் பேசினாள். அத்தனை நாளுக்குப் பிறகு அண்ணனிடம் நேராக.

"இதை மேல சொல்லணும்ணா. அந்தப் பரிசோதனைக் கூடத்துக்கே எழுதணும். அவன் கடையை நிறுத்துவாங்க. நம்ம பேரும் சேர்ந்து கெடும். நம்பர் நம்மளுது."

"எனக்கு இருக்கிற ஒரே சொத்து அந்தப் பேருதான் சின்னு."

"தெரியும்."

"நாம போடலன்னு சொல்லிட்டா போதாதா? பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு ஆயிடுச்சுன்னு சொன்னா நம்ப மாட்டாங்களா?"

"பாதிப் பாவம் இங்கதான இருக்கு" என்றார் அண்ணி. கோபமாகச் சொல்லவில்லை. உப்பு குறைகிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார். "எழுதறதை நீ எழுது சின்னு. அது போய்ச் சேர்ந்து, அவங்க படிச்சு, ஆள் வர்ற வரைக்கும் ஜனங்க மாட்டிக்கிட்டுத்தான இருப்பாங்க? போன் வர்றது எனக்கு. இந்தக் கூடம் பூரா நல்ல பெட்டியை வச்சுக்கிட்டு, கெட்டதை மாட்டாதீங்கன்னு மட்டும் எப்படிச் சொல்றது? சார்ஜ் ஏத்தாம அவங்க எங்க போவாங்க?"

அண்ணன் சுவரோரம் அடுக்கியிருந்ததைப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் விளங்கியது.

"எல்லாத்தையுமா?" என்றார்.

"வித்தா வாங்க ஆளில்ல. குடுத்தா இருக்கு."

அன்றைக்குச் சாயங்காலமே என் தள்ளுவண்டி மறுபடி ஓடத் தொடங்கியது, இந்த முறை வீட்டிலிருந்து கவுண்டருக்கு. கூப்பிட்டவர்களிடமெல்லாம் அண்ணி ஒரே பாட்டைப் பாடினார்: அது எங்கள் சரக்கு இல்லை, ஆனால் எங்கள் அச்சில் வந்தது, தவறு எங்கள் பக்கமும் உண்டு, நல்லது அனுப்புகிறோம், அதை அனுப்பிவிடுங்கள். கூப்பிடாதவர்களுக்காகக் கடைகளுக்கு அண்ணியே போன் போட்டார். சிலர் திட்டினார்கள். ஒருவர் வக்கீலிடம் போவேன் என்றார். "போங்க, அதுக்கு முன்னாடி முகவரியைச் சொல்லுங்க" என்று எழுதிக்கொண்டார்.

டாக்ஸி ஓட்டுகிற ஒரு அக்கா வந்தது மழை வெறித்த ஒரு காலையில். இழுவை வண்டியில் அவர் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்கள். ஐம்பது வயதிருக்கும், ஆணின் சட்டையும் கழுத்தில் துண்டுமாக, இறங்கும்போதே கையில் கருகிய பெட்டி.

"இந்த நம்பருக்குச் சொந்தக்காரி யாரு?"

"நான்தாங்க."

"குரலெல்லாம் தேனாத்தான் இருந்துச்சு. இங்க வந்து பாருங்க."

காரின் வாயே எரிந்துபோயிருந்தது. துளைகளைச் சுற்றிக் கருப்பாக, உள்ளே செம்பு நீலம் பாரித்து. நல்ல பெட்டி கொடுத்தாலும் இனி மாட்ட இடமில்லை.

"மூணு மெக்கானிக்கைப் பாத்துட்டேன். இந்த வாய் இனிமே வராதாம், கம்பெனி நிறுத்திருச்சாம். காரை எடைக்குப் போடுன்னு சொல்றானுங்க. நல்லா ஓடற கார். என் வீட்டுல சம்பாதிக்கறது நானும் இதும்தான்."

அண்ணன் வெளியே வந்தார். "தப்பு என்னுதுங்க" என்றார். வேறு எதையும் சேர்க்கவில்லை.

அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். சண்டைக்கு என்று கட்டிக்கொண்டு வந்த மூட்டை அப்படியே கையில் நின்றுவிட்ட மாதிரி ஆனது அவருக்கு.

"தப்பை வச்சு நான் என்ன பண்றது? வண்டி ஓடணும்."

அண்ணன் குனிந்து அந்த வாயை ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் அளந்தார். பிறகு உள்ளே பார்த்து, "சின்னு" என்று கூப்பிட்டார். அண்ணி வழியாக இல்லை. "சின்ன வாயை இங்க வச்சா உன் பலகையை உள்ளயே பதிக்க முடியுமா? நடுவுல பெட்டியே இல்லாம?"

சின்னு வந்து பார்த்தாள். "முடியும். பேட்டரியைத் துண்டிக்காம கை வைக்காதீங்க. நான் சொல்ற வரைக்கும் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாதீங்க."

"தொடல."

அன்று முழுக்க வாசலில் வேலை. சின்னு ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு பேட்டரியைத் துண்டித்து, அளவுக் கருவியை வைத்துப் பார்த்து, மறுபடி பார்த்து, பிறகுதான் அண்ணனை விட்டாள். அவர் எரிந்ததை அறுத்தெடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்துக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு தாங்குதட்டைத் தகட்டில் வெட்டி, பொருத்தி, கழற்றி, அரம் போட்டு, மறுபடி பொருத்தினார். டாக்ஸி அக்கா முதலில் எட்ட நின்று காவல் காத்தார். பிறகு பக்கத்தில் வந்தார். பிறகு விளக்கைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒரு மயிரிழை இடது பக்கம்" என்று யோசனை சொன்னார். மத்தியானம் அண்ணி எல்லோரையும் கையைக் கழுவச் சொன்னார். சூடான சோறு, பருப்பு, பொரித்த முட்டை.

"நான் சண்டை போட வந்தேன். சோறு போடறீங்க" என்றார் டாக்ஸி அக்கா.

"சாப்பிட்டுப் போடுங்க. தெம்பா இருக்கும்" என்றார் அண்ணி.

வெயில் சாயும் நேரத்தில் கார் அண்ணியின் சோதனைக்கு வந்தது. சூட்டை முழுக்க ஏற்றிவிட்டுப் பார்த்தார், வெட்டியது. வாளித் தண்ணீரையும் விடவில்லை. சின்ன வாய்க் கம்பம் கடைத்தெருப் பக்கம் புதிதாக வந்திருந்தது. அங்கே போய் ஏற்றிக்கொண்டு, அந்த அம்மாள் வந்த வழியே போனார்.

அண்ணன் கையில் கிரீஸோடு நின்றுகொண்டிருந்தார். "இந்த மாதிரி எத்தனை பழைய கார் இருக்கும்" என்றார்.

"நிறைய இருக்கும்" என்றாள் சின்னு. "ஆனா இது ஒண்ணுதான் நீங்க பண்ணலாம். அடுத்ததைத் தொடறதுக்கு முன்னாடி அந்தக் கூடத்துல பாஸ் பண்ணணும்."

"அங்க நீதான இருப்பே."

"ஆமா. நான்தான் இருப்பேன்."

அவள் எழுதியது போய்ச் சேர்ந்து, இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். மொத்தக்கடைக்காரரின் கிடங்கைப் பூட்டிவிட்டுத்தான் இங்கே வந்தார்கள். இவர்களும் அனுமதி வாங்காமல் இனிமேல் எதையும் விற்கக் கூடாது என்றார்கள். "விக்கலங்க. எல்லாத்தையும் குடுத்துட்டோம்" என்றார் அண்ணி. கூடத்தில் வெறும் சுவர்தான் இருந்தது. அதில் பெட்டி உயரத்துக்கு ஒரு கோடு, மேலே அழுக்கு, கீழே சுத்தம்.

பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குக் கேட்டபோதும் சின்னு நடந்ததை ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறாள். எடுத்துக்கொண்டார்கள். அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போன நாளில் அண்ணன்தான் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். திரும்பி வந்து, "ஜன்னல் சீட்டு கிடைச்சுது" என்று மட்டும் சொன்னார்.

பிறகு அண்ணன் காலையில் ஒரு அச்சுப் பட்டறைக்குக் கூலிக்குப் போனார். பிற்பகலில் வாய் மாற்றுகிற சாமானை முறையாகச் செய்ய உட்கார்ந்தார்: தாங்குதட்டு, பலகை, கம்பி, எல்லாம் ஒரே கட்டாக வருகிற மாதிரி. பலகையை எப்படிப் பதிப்பது என்று சின்னு போவதற்கு முன்பே வரைந்து கொடுத்திருந்தாள். மழைக்காலம் போய் வெயில் ஏறியபோது அது தயாரானது. நான்தான் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினேன்.

திரும்பி வந்தது. கூடவே ஒரு தாள். தேறவில்லை. நீண்ட நேரம் முழுக் கரண்டில் வைத்தால் தாங்குதட்டின் பின்பக்கம் சூடு தேங்குகிறது, காற்றுக்கு வழியில்லை. கீழே கையெழுத்து சின்னுவுடையது.

அண்ணி வாசித்துக் காட்டினார். நான் அண்ணனைப் பார்க்கவில்லை. கூரையில் ஓடிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே ஒருமுறை வாசித்தார். தட்டைக் கையிலெடுத்துத் திருப்பினார். பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"சரியாத்தான் சொல்லியிருக்கா" என்றார். "நான் இங்க ரெண்டு துளை விட்டிருக்கணும்."

"கோபம் இல்லையே?" என்று அண்ணி கேட்டார்.

"இருக்கு. அது இருந்துட்டுப் போகட்டும்." அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் விடுமுறைக்குச் சின்னு வந்தபோது தலைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள், நரையை மறைக்கவில்லை. அண்ணி அவளைச் சுற்றிச் சுற்றி வந்து இளைத்துவிட்டதாகச் சொன்னார். அவள் இளைக்கவில்லை. மத்தியானம் நாலு தட்டு. அவளுடைய அறையில் ஜன்னல் எந்தப் பக்கம், தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், பக்கத்து மேஜைக்காரி எப்படிப்பட்டவள் என்றெல்லாம் பேச்சு ஓடியது. தாளைப் பற்றி யாரும் எடுக்கவில்லை.

சாப்பாடு பாதியில் இருக்கும்போது அண்ணன் இடது கையால் பின்னாலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்தார். "சின்னு, துளை வச்சிருக்கேன். பின்னாடி கொஞ்சம் சாய்வும் குடுத்திருக்கேன். சும்மா ஒரு பார்வை பாத்துச் சொல்லேன்."

அவள் பொட்டலத்தைப் பார்த்தாள். அவிழ்த்துப் பார்க்கிற ஆசை அவளுக்கு இருந்தது. விரல் நகர்ந்தது எனக்குத் தெரிந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வீட்ல காட்டாதீங்கண்ணா."

 அண்ணன் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"தம்பி, இதை நாளைக்கு அனுப்பிடு. கூடத்து முகவரிக்கு."

"சரிண்ணா."

சின்னு குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "போய்ச் சேர மூணு நாள் ஆகும். அப்புறம் வரிசையில நிக்கணும்."

"நிக்கட்டும்" என்றார் அண்ணன். அண்ணியிடம் தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் போடு" என்றார்.